முடிவை வாடகைக்கு எடுக்க முடியாது



ப்ராடக்ட் மேனேஜ்மென்ட் அணிகளைக் கட்டவும் மேம்படுத்தவும் வெளியாட்களின் உதவியைப் பெறுவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதுமே இரண்டு விதமான முகங்கள் தெரிகின்றன. 'ஆலோசகர்களுக்குக் கொட்டிக் கொடுத்து என்னத்தைக் கண்டோம்?' என்று கேட்கும் முகங்கள் ஒரு பக்கம். 'நல்ல ஆள் இருந்தால் நம்பரைக் கொடுங்கள், நாளைக்கே கூப்பிடுகிறேன்' என்னும் முகங்கள் இன்னொரு பக்கம். இரண்டு பக்கத்தாருக்கும் நான் சொல்லப்போவது ஒன்றே. வெளியிலிருந்து அனுபவத்தை வாங்கலாம். பயிற்சியை வாங்கலாம். ஆளையே வாங்கலாம். ஆனால் எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்ற முடிவை மட்டும் வாங்க முடியாது. அந்த முடிவை எடுக்கும் தெம்பு உங்கள் நிறுவனத்துக்குள்தான் வளர வேண்டும். அதை வளர்த்துக் கொடுத்துவிட்டு விடைபெறுகிறவர் எவரோ, அவரே கூலிக்குத் தகுந்த வெளியாள்.

முதலில் ஒரு கேள்வி. ப்ராடக்ட் மேனேஜர் என்பவர் யார்? அவர் கோடு எழுதுவதில்லை. திரைகளை வரைவதில்லை. நேரில் போய் விற்பதுமில்லை. பிறகு எதற்குச் சம்பளம்?

இந்தக் கேள்விக்கான பதில் கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரம். ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம். அங்கே நீல் மெக்எல்ராய் என்ற 26 வயது இளைஞர் கேமே என்ற சோப்பின் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே நிறுவனத்தின் ஐவரி சோப்பு பெரும்புகழோடு இருந்தது. கம்பெனியின் கவனமெல்லாம் ஐவரிமேல், கேமேயைக் கேட்பாரில்லை. 1931 மே 13 அன்று மெக்எல்ராய் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். கூடுதல் ஆள் வேண்டும் என்று கேட்கத்தான் எழுதினார். ஆனால் அந்த ஆள் என்ன செய்வார் என்பதை விலாவாரியாக விளக்கினார். ஒவ்வொரு பிராண்டுக்கும் ஒருவர் பொறுப்பு. எந்த வட்டாரத்தில் விற்பனை படுத்திருக்கிறது என்று அவர் பார்க்க வேண்டும். நேரில் போய்க் கடைக்காரரிடமும் வாங்குகிறவரிடமும் பேசிக் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். திட்டம் போட வேண்டும். போட்ட திட்டம் பலித்ததா என்பதையும் அவரே பார்க்க வேண்டும். குறிப்பை எழுதிய இளைஞர் பிற்பாடு அந்த நிறுவனத்துக்கே தலைவரானார். 1957-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் அமைச்சரும் ஆனார்.

சோப்புக் கம்பெனியில் பிறந்த இந்த வழக்கம் மென்பொருளுக்கு வந்தது எப்படி? வழிகள் பல உண்டு, ஒன்றைச் சொல்கிறேன். அதே ப்ராக்டர் அண்ட் கேம்பிளில் வேலை பார்த்த ஸ்காட் குக் 1983-இல் இன்டூயிட் நிறுவனத்தைத் தொடங்கினார். குவிக்கன் என்ற கணக்கு மென்பொருளைக் கடையில் வாங்குகிறவரின் அனுமதியோடு, நிறுவனத்து ஆட்கள் அவர் வீடுவரைக்கும் போனார்கள். பெட்டியைப் பிரிப்பது முதல் கணக்குப் போடுவது வரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். எங்கே தடுமாறுகிறார் என்று குறித்துக்கொண்டார்கள்.

ஈபே, நெட்ஸ்கேப் நிறுவனங்களில் இருந்துவிட்டு, பிறகு மற்ற நிறுவனங்களின் அணிகளுக்குப் பயிற்சி கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர் மார்ட்டி கேகன். இந்த வேலையை அவர் நான்கு கேள்விகளில் அடக்குகிறார். வாடிக்கையாளருக்கு இது வேண்டுமா? கொடுத்தால் பயன்படுத்தத் தெரியுமா? நம் பொறியாளர்களால் செய்ய முடியுமா? நம் வியாபாரத்துக்குக் கட்டுபடியாகுமா? நான்குக்கும் விடை தெரியாமல் ஆறு மாதம் கோடு எழுதுகிற நிறுவனங்கள் எத்தனை? உங்கள் சிரிப்பே பதில் சொல்லிவிட்டது.

சரி, இந்தத் திறமை நம்மிடம் ஏன் குறைவாக இருக்கிறது? நம் பிள்ளைகளுக்கு அறிவு போதாதா? அப்படி யாரும் சொல்ல முடியாது. நம் மென்பொருள் தொழில் சேவைத் தொழிலாக வளர்ந்தது. என்ன வேண்டும் என்பதை அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஒருவர் முடிவு செய்து எழுதி அனுப்புவார். நாம் அதைச் சொன்ன தேதிக்குள், சொன்ன தரத்தில் முடித்துக் கொடுப்போம். அதில் உலகமே மெச்சும் பெயர் வாங்கினோம். ஆனால் ஒரு தலைமுறை முழுக்க, 'எப்படி?' என்று கேட்டுப் பழகியவர்களிடம் திடீரென்று 'எதை? ஏன்?' என்று கேட்டால் என்ன ஆகும்? திகைப்புதான் வரும்.

அந்தத் திகைப்பைத் தாண்டியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, இன்று சோஹோவாக வளர்ந்திருக்கும் நிறுவனத்தை இந்த அரங்குக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அங்கே ப்ராடக்ட் மேனேஜ்மென்ட் பொறுப்பில் இருந்த கிரிஷ் மாத்ருபூதம் 2010-இல் வெளியே வந்து சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்கைத் தொடங்கினார். அது ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆகி, 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. ஒரு நிறுவனத்தில் கற்ற வித்தை இன்னொரு நிறுவனத்தை எழுப்பியது. ஆனால் அப்படிப்பட்ட பட்டறையில் பழகியவர்கள் எல்லா நிறுவனத்துக்கும் கிடைப்பார்களா? கிடைக்க மாட்டார்கள். அதனால்தான் நாம் வெளியே பார்க்கிறோம். பார்ப்பதில் தவறில்லை. என்ன கிடைக்கிறது, எது எதற்கு உதவும் என்று தெரிந்து பார்ப்போம்.

முதல் வகை வகுப்பு. இரண்டு நாளோ மூன்று நாளோ நடக்கும். எல்லாரும் ஒரே சொற்களைப் பேசக் கற்றுக்கொள்வார்கள்; அதுவே ஒரு லாபம். ஆனால் திங்கட்கிழமை காலையில் பழைய வேலை பழைய மாதிரியே காத்திருந்தால், புதன்கிழமைக்குள் வகுப்பு மறந்துபோகும்.

இரண்டாம் வகை கோச். உங்கள் ப்ராடக்ட் மேனேஜருடன் வாரம் ஒருமுறை உட்கார்ந்து, அவர் கையிலிருக்கும் வேலையை வைத்தே பழக்குகிறவர். பலன் மெதுவாகத் தெரியும்; தெரிந்தால் நிலைக்கும்.

மூன்றாம் வகை பகுதிநேரத் தலைவர். பெரிய நிறுவனங்களில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் வந்து உங்கள் ப்ராடக்ட் பிரிவை நடத்துவார். முழுநேரச் சம்பளம் கொடுக்க முடியாத நிறுவனத்துக்கு இது வரப்பிரசாதம். ஆனால் அவர் இல்லாத மூன்று நாளும் முடிவுகள் தேங்கி நின்றால், வரமே சாபமாகிவிடும்.

நான்காம் வகை ஒப்பந்தத்துக்கு எடுக்கும் ப்ராடக்ட் மேனேஜர். ஆறு மாதத்துக்கு வருவார், வேலையை முடிப்பார், போவார். அவசரத்துக்கு ஆகும். ஆனால் வாடிக்கையாளரைப் பற்றி அவர் தெரிந்துகொண்டதெல்லாம் அவரோடேயே லிஃப்டில் இறங்கிப் போய்விடும்.

ஐந்தாம் வகை ஆளெடுப்பில் உதவி. இதைப் பலரும் கவனிப்பதில்லை. நல்ல ப்ராடக்ட் மேனேஜரோடு வேலை பார்த்தே அறியாத முதலாளி, நேர்காணலில் எப்படித் தேர்ந்தெடுப்பார்? இங்கிலீஷ் நன்றாகப் பேசுகிறவரை எடுத்துவிடுவார்! அந்த அறையில் விஷயம் தெரிந்த வெளியாள் ஒருவர் உட்கார்ந்தால், ஒரு வருடச் சம்பளம் வீணாவதை ஒரு மணி நேரத்தில் தடுக்கலாம்.

காசில்லாத வழியும் உண்டு. 2013-இல் தொடங்கிய ஐஸ்பிரிட் அமைப்பு, ஒரு முதலாளி தான் பட்டதை இன்னொரு முதலாளிக்குச் சொல்லும் வட்டமேசைகளை நடத்தியது. சாஸ்பூமி என்ற குழுமத்தில் கூடும் நிறுவனர்களும் ஒருவருக்கொருவர் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். வெளியாள் உதவி என்றாலே பில் வரும் என்று நினைக்க வேண்டாம்.

இனி ஒரு பெரிய கதைக்கு வருகிறேன். வெளியாட்களால் கெட்டதும், வெளியாட்களால் மீண்டதும் ஒரே கதையில் இருக்கின்றன.

2013 அக்டோபர் 1. அமெரிக்க மக்கள் மருத்துவக் காப்பீடு வாங்குவதற்கான அரசு இணையதளம், ஹெல்த்கேர் டாட் கவ், திறக்கப்பட்டது. ஜனாதிபதி ஒபாமாவின் பெயரையே பணயம் வைத்த திட்டம். லட்சக்கணக்கானோர் முட்டி மோதினார்கள். முதல் நாள் முடிவில் வெற்றிகரமாகக் காப்பீட்டில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஆறாயிரமா? அறுநூறா? ஆறே ஆறு பேர்!

பணம் இல்லையா? கோடிகோடியாக இருந்தது. ஆட்கள் இல்லையா? அந்தத் தளத்துக்காக 60 ஒப்பந்தங்கள் போடப்பட்டிருந்தன. பிறகு எது இல்லை? சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் இதைத் துருவி ஆராய்ந்து 2016-இல் அறிக்கை வெளியிட்டது. அது முதன்மையாகச் சுட்டிய குறை, தெளிவான தலைமை இல்லாதது. ஒவ்வொரு ஒப்பந்தக்காரரும் தன் துண்டைச் செய்தார். எல்லாத் துண்டையும் ஒன்றாக வைத்து, 'ஒரு குடும்பத் தலைவி இதில் கடைசிவரை போய்க் காப்பீடு வாங்க முடியுமா?' என்று கேட்க ஓர் ஆள் இல்லை. 'தயாராகவில்லை, தேதியைத் தள்ளுங்கள்' என்று சொல்லும் அதிகாரத்தோடும் ஓர் ஆள் இல்லை. வேலையை வெளியே கொடுத்ததோடு முடிவையும் கைநழுவ விட்டுவிட்டார்கள். ஆனால் அந்த முடிவை வெளியேயும் ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை!

மீட்பு எப்படி வந்தது? அதுவும் வெளியிலிருந்தே. கூகுளில் தளங்கள் விழாமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த மிக்கி டிக்கர்சன் போன்ற சிலர் வந்து சேர்ந்தார்கள். தளம் எந்த நிமிடத்தில் எப்படி இருக்கிறது என்று காட்டும் ஒரு பலகைகூட அங்கே இல்லை. முதலில் அப்படியொரு பலகையை வைத்தார்கள். அடுத்து, நாள்தோறும் எல்லா ஒப்பந்தக்காரர்களையும் ஒரே அறையில் கூட்டினார்கள். டிக்கர்சன் மூன்று விதிகளைச் சுவரில் ஒட்டினார். இந்த அறை பிரச்சினையைத் தீர்க்கும் அறை. பழி சொல்ல வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். பதவியில் பெரியவர் பேச வேண்டாம். விஷயம் தெரிந்தவர் பேசட்டும். அடுத்த ஓரிரு நாளில் நம்மைக் கவிழ்க்கக்கூடியது எதுவோ, அதை மட்டும் பேசுவோம். இவைதான் அந்த மூன்று விதிகள்.

டிசம்பர் தொடக்கத்தில் பெரும்பாலோர் பயன்படுத்தும் நிலைக்குத் தளம் வந்துவிட்டது. கோடு எழுதிய கைகளில் பெரும்பாலானவை பழைய கைகளே. மாறியது, யார் கேட்பது, யார் சொல்வது, யார் முடிவெடுப்பது என்ற ஒழுங்கு. அமெரிக்க அரசும் பாடம் கற்றது. அடுத்த ஆண்டு, 2014 ஆகஸ்டில், டிக்கர்சன் தலைமையில் அரசுக்குள்ளேயே ஒரு டிஜிட்டல் சேவை அணியை அமைத்தது. வெளியாளாக வந்த அறிவை உள்ளாளாக்கிக்கொண்டது. கெடுத்த உதவிக்கும் காத்த உதவிக்கும் உள்ள வேறுபாடு இப்போது விளங்குகிறதா? முதல் கூட்டத்திடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. இரண்டாம் கூட்டம் வேலை செய்யும் முறையை விட்டுச் சென்றது.

அமெரிக்க அரசாங்கத்துக் கதை நமக்கு எதற்கு என்கிறீர்களா? திருப்பூருக்கு வருவோம்.

பின்னலாடை நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்கும் ஒரு சிறிய நிறுவனம் எனக்குத் தெரியும். முதலாளி ஒரு கோச்சை அமர்த்தினார். அந்த நிறுவனத்தின் ப்ராடக்ட் மேனேஜர் ஓர் இளம்பெண். அவர் கையில் செய்ய வேண்டிய புது வசதிகளின் நீண்ட பட்டியல். உச்சியில் இருந்தது, முதலாளிகள் பார்க்க வண்ண வண்ணமான டேஷ்போர்டு. கோச் பட்டியலைத் திறக்கவே இல்லை. 'ஒரு நாள் வாடிக்கையாளர் குடோனில் போய் உட்கார்ந்துவிட்டு வாங்க. விற்கப் பேசாதீங்க, பார்த்துட்டு மட்டும் வாங்க' என்றார்.

அந்தப் பெண் போனார். துணி சாயப்பட்டறைக்குப் போய்த் திரும்பும் இடம் அது. 500 கிலோ துணி போனால் 500 கிலோ திரும்பாது. 470 வரும், 480 வரும். எந்த நிறம், என்ன பக்குவம் என்பதைப் பொறுத்து எடை குறையும். மென்பொருளோ எல்லா நிறத்துக்கும் ஒரே சதவீதக் கழிவைத்தான் ஏற்றுக்கொள்ளும். கூடினால் சிவப்புக் கட்டம் காட்டி நின்றுவிடும். குடோன் சூப்பர்வைசர் தராசுக்குப் பக்கத்தில் நீள நோட்டு ஒன்றை வைத்திருந்தார்.

"ஏனுங்ண்ணா, இது என்ன நோட்டு?"

"இதுங்களா அம்மிணி? கம்ப்யூட்டரு ஒத்துக்காத கணக்குங்க. நெசக் கணக்கு இதுல இருக்கு. மாசக் கடைசில அதுக்குப் புடிச்ச மாதிரி ஒரு கணக்க அதுல ஏத்திருவோமுங்க."

யோசித்துப் பாருங்கள். நிஜமான கணக்கு நோட்டில் இருக்கிறது. ஜோடித்த கணக்கு மென்பொருளில் இருக்கிறது. அந்த ஜோடித்த கணக்குக்கு வண்ண டேஷ்போர்டு போட்டுக் காட்டத்தான் திட்டம்!

அதன் பிறகு நடந்ததுதான் இன்னும் முக்கியம். டேஷ்போர்டை நிறுத்திவிட்டுக் கழிவுக் கணக்கை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று அந்தப் பெண் கூட்டத்தில் சொன்னார். முதலாளி கோச்சின் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க சார்?" கோச் சொன்னார்: "அவங்கதான் சார் நேர்ல பார்த்துட்டு வந்திருக்காங்க. அவங்களையே கேளுங்க." அந்த நொடியில் அவர் தன் கருத்தைச் சொல்லியிருந்தால், அன்று ஒரு நல்ல முடிவு கிடைத்திருக்கும், ஆனால் அடுத்த முடிவுக்கும் அவரையே கூப்பிட வேண்டியிருக்கும். அவர் வாயை மூடிக்கொண்டதற்குத்தான் அந்த முதலாளி உண்மையில் காசு கொடுத்தார்.

கல்யாண வீட்டில் சமையலைக் காண்ட்ராக்டுக்கு விடுகிறோம். சமையல்காரர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், எத்தனை இலை விழும், மாப்பிள்ளை வீட்டாருக்கு எது பிடிக்கும், பெரியப்பாவுக்குச் சர்க்கரை இல்லாமல் எது வேண்டும் என்பதை வீட்டார்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தெரியாத வீட்டில், சமையல் எவ்வளவு ருசித்தாலும் பந்தியில் மனக்குறை வரும்.

ஆகவே, வெளியாளை அழைக்கப்போகும் நண்பர்களுக்கு ஐந்து நிபந்தனைகளைச் சொல்கிறேன். எழுதிக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக்கொள்ளலாம்.

ஒன்று. வரும் ஒவ்வொரு வெளியாளுக்கும் உள்ளே ஒரு ஜோடி இருக்க வேண்டும், பெயர் குறித்து. 'எங்கள் டீம் கற்றுக்கொள்ளும்' என்றால் ஒருவரும் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டு. வரும் நாளிலேயே போகும் நாளைக் குறியுங்கள். தேவைப்பட்டால் நீட்டிக்கலாம். ஆனால் நீட்டிப்பது ஒரு முடிவாக இருக்கட்டும், பழக்கமாக வேண்டாம்.

மூன்று. மாதிரிப் பாடம் வேண்டாம். உங்கள் சொந்த ப்ராடக்டில், இந்த மாதம் எடுத்தாக வேண்டிய முடிவில் கைவைக்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் விவரங்களைக் காட்டுவதற்கு முன்னால் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். போட்டி நிறுவனத்துக்கும் இவர் வேலை பார்க்கிறாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

நான்கு. எதை அளப்பது என்பதில் ஏமாறாதீர்கள். எத்தனை மணி நேர வகுப்பு, எத்தனை பக்க அறிக்கை என்று அளக்க வேண்டாம். வாரந்தோறும் வாடிக்கையாளரோடு பேச வேண்டும் என்கிறார், 2021-இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதிய தெரசா டோரஸ். உங்கள் அணி வெளியாள் துணையில்லாமல் அப்படிப் பேசுகிறதா? எடுத்த முடிவையும் காரணத்தையும் தானே எழுதி வைக்கிறதா? பயனில்லாதது என்று தெரிந்த ஒன்றைப் பாதியில் நிறுத்தியிருக்கிறதா? இவற்றை அளந்து பாருங்கள்.

ஐந்தாவது நிபந்தனை கொஞ்சம் கசக்கும். முதலாளியும் மாணவராக வேண்டும். பகலில் கோச் சொல்லிக்கொடுத்து அணி ஒரு வரிசையைப் போட்டு வைக்கும். இரவு பதினொரு மணிக்கு முதலாளி வாட்ஸ்அப்பில், 'பெரிய கஸ்டமர் கேட்கிறார், இதை வெள்ளிக்கிழமைக்குள் முடியுங்கள்' என்று ஒரு வரி போடுவார். அந்த ஒரு வரியில் ஆறு மாதப் பயிற்சியும் காலி! அணியைத் திருத்த ஆள் கூப்பிடும் முதலாளி, 'என்னையும் திருத்துங்கள்' என்று சொல்லிக் கூப்பிட வேண்டும்.

ஒரு மறுப்பு வரும் என்று எனக்குத் தெரியும். 2023-இல் ஏர்பிஎன்பி நிறுவனத்தின் பிரையன் செஸ்கி, பழைய பாணி ப்ராடக்ட் மேனேஜ்மென்ட் பிரிவைத் தாங்கள் எடுத்துவிட்டதாகச் சொன்னார். அந்த மாநாட்டு அரங்கிலிருந்த வடிவமைப்பாளர்கள் கைதட்டினார்கள். அப்படியானால் இந்த வேலையே தேவையில்லையா? அவர் செய்ததைக் கூர்ந்து பாருங்கள். அந்த வேலையைச் சந்தைப்படுத்தும் வேலையோடு இணைத்தார். முக்கிய முடிவுகளைத் தானே கையில் எடுத்துக்கொண்டார். பெயர்ப்பலகை மாறியது, முடிவெடுக்கும் வேலை ஒழியவில்லை. உங்கள் நிறுவனத்தில் ஐந்தாறு பேர்தான் என்றால், உங்களுக்கும் தனி ப்ராடக்ட் மேனேஜர் வேண்டாம். நீங்களேதான் அவர். வெளியாளுக்குக் கொடுக்கும் பணத்தில் பஸ் டிக்கெட் எடுத்து வாடிக்கையாளரைப் பாருங்கள்.

இந்த வேலை ஒழியாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இப்போது செயற்கை நுண்ணறிவு கோடு எழுதிக் கொடுக்கிறது. செய்வது எளிதாகிவிட்டது. வேண்டாததையும் வேகமாகச் செய்து குவிக்கலாம் என்ற காலம் வந்துவிட்டது. இந்தக் காலத்தில் 'எதை? ஏன்?' என்று கேட்கத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடுமா, குறையுமா? நீங்களே சொல்லுங்கள்.

நண்பர்களே, வெளியாளை அழையுங்கள், தாராளமாக அழையுங்கள். தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதில் வெட்கம் எதற்கு? ஆனால் அழைக்கும் முன் உங்கள் அணியில் ஒருவரைக் காட்டி, 'இவர் தனியாக முடிவெடுக்கும்படி செய்துவிட்டுப் போங்கள்' என்று சொல்லி அழையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த ஒருவர் உங்கள் முன்னால் நின்று, 'சார், நீங்கள் கேட்டதைச் செய்யப் போவதில்லை. காரணம் இது' என்று ஆதாரத்தோடு சொல்லட்டும். நீங்களும் கேட்டுவிட்டுச் சரி என்று சொல்லுங்கள். அன்றைக்கே உங்கள் அணி பிறந்துவிட்டது. கொடுத்த காசும் கைக்கு வந்துவிட்டது.